ஏலக்காய் பூச்சியம், மிளகு பூச்சியம்

உலக பேஸ்போல் வரலாற்றிலேயே ஒழுக்கத்தில் தலைசிறந்த ஆட்டம் 2007ஆம் ஆண்டு இரத்தோட்டையில்தான் நடந்தது. அமெரிக்காவில் காலங்காலமாக ஆடுகிறார்கள். ஒரு ஆட்டத்திலாவது ஒருவரும் ஓடாமல் இருந்திருக்கிறார்களா?

பேஸ்போல் என்பது நம் ஊர் மட்டைப்பந்தான எல்லே விளையாட்டுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டது போன்றது. பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி அடித்த இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. அதற்குள் எதிரணி பந்தால் தொட்டுவிட்டால் ஆட்டமிழப்பு. இதைச் சம்பளத்துக்கு ஆடவைக்கக் கொழும்பில் ஒரு 'தொழில்முறைச் சபை' தோன்றி, மாத்தளை மாவட்டத்தில் இரண்டு அணிகளை உருவாக்கியது. பெயர் சூட்டும் கூட்டம் பல தடவை கூடியது. புலி என்று வைக்க யாருக்கும் துணிவில்லை. சிங்கம் என்று வைத்தால் எதிரணிக்கு என்ன பெயர் என்ற கேள்வி எழுந்தது. நாட்டு நலன் கருதி மிருகங்கள் யாவும் நீக்கப்பட்டு, இரத்தோட்டை 'ஏலக்காய்', நாலந்தா 'மிளகு' என்று தீர்மானம் நிறைவேறியது.

சில்வெஸ்டர் ஏலக்காய் அணியின் தற்காலிக ஊழியன். இந்த ஆட்டத்தில் புள்ளி எடுப்பவனுக்கு நிரந்தர நியமனம் என்று சபைச் செயலாளர் ஹெர்பர்ட் அறிவித்திருந்தார். நிரந்தரமானால் தோட்டத்து லயத்தை விட்டு டவுனில் ஒரு அறை எடுக்கலாம் என்று மனைவி கமலாட்சியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் வாழ்த்தவில்லை, ஐசி என்னும் அடையாள அட்டையை எடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள்.

பாதுகாப்பு உலகத் தரத்தில் இருந்தது. மூலைக்கு ஒருவராக ஆமிக்காரர்கள் துவக்குடன் நின்றார்கள். ஆமி தந்த அனுமதிக் கடிதத்தின்படி 'பொருட்களை வீசும் அதிகாரம்' பந்தெறிபவருக்கு மட்டுமே. ஆகவே மற்றவர்கள் பந்தை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தபடி நடந்துவந்து ஒப்படைத்தார்கள். ஓடுவதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. துவக்குக்கு முன்னால் ஓடக்கூடாது என்பதைக் கடிதம் போட்டா சொல்ல வேண்டும்?

இப்படி இரு தரப்பும் நடந்து நடந்து, பொழுது சாயும்வரை பூச்சியத்துக்குப் பூச்சியம். இருட்டினால் அனுமதி செல்லாது. சில்வெஸ்டர் கடைசித் தடவையாக மட்டையை எடுத்தான். அவனுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு குந்தியிருந்தவர் மிளகு அணியின் பந்து பிடிப்பவர் ஸெய்னுலாப்தீன், எல்லோருக்கும் அண்ணன் முறையில் 'நானா'.

"மெதுவா அடி தம்பி. தூரப் போனா எங்காளுக்கு நடந்தே கால் தேஞ்சிரும்."

"கோவிச்சுக்காதீங்க நானா. எனக்கு இது வேலப் பிரச்சின."

அடித்தான். பந்து மைதானத்தைத் தாண்டாமல், ஆனால் அதன் கடைசி ஓரத்துப் புதருக்குள் போய் விழுந்தது. சில்வெஸ்டர் கைகளை விரித்துக் காட்டியபடி நடந்தான். முதல் மூலையில் ஆமிக்காரர் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார். இரண்டாவது மூலையில் எந்தத் தோட்டம் என்று சிங்களத்தில் கேட்டார், சொன்னான். மூன்றாவது மூலையில் எங்கே போகிறாய் என்றார். நாலாவது மூலைக்கு என்றான். அங்கே யாரைத் தெரியும் என்றார்.

அதற்குள் மிளகு அணிக்காரன் பந்தை ஏந்திக்கொண்டு புதரிலிருந்து வெளிப்பட்டு நடக்கத் தொடங்கியிருந்தான். இரு நடைகளும் ஒரே இடத்தை நோக்கி நெருங்கின. சனங்கள் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். ஹெர்பர்ட் மட்டும் கதிரையை விட்டு எழுந்து, ஓடச் சொல்லிக் கத்தினார்.

சில்வெஸ்டரின் கால் ஒரு கணம் துடித்தது. மூன்றாவது மூலைக்காரர் துவக்கைத் தோள் மாற்றினார். கால் அடங்கியது.

ஓர் எட்டு மிச்சமிருக்கையில் ஸெய்னுலாப்தீன் கைக்குப் பந்து வந்து சேர்ந்தது. அவர் அதை அவன் தோளில் மெல்ல வைத்து, மன்னித்துக்கொள்ளச் சொன்னார். வெளிச்சம் போதாது என்று ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஓர் அசம்பாவிதமும் இன்றி நிறைவேறிய விழா என்று ஒலிபெருக்கி பாராட்டியது.

ஹெர்பர்ட் நேரே சில்வெஸ்டரிடம் வந்தார்.

"ஓடத் தெரிஞ்ச ஒருத்தன்கூட இந்த ஊர்ல இல்லையா?"

வாயைத் திறக்காமல் இருந்தால் தற்காலிக வேலையாவது தங்கும் என்று சில்வெஸ்டருக்குத் தெரியும்.

"ஒருத்தன் இருந்தான் சேர். போன மாசம் செக்பொயின்ட் முன்னால பஸ்ஸப் பிடிக்க ஓடினான். அவனோட எடந்தான் எனக்குக் கெடச்சது."