லாடக் காந்தமும் மாமனாரும்

தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி பட்டென்று அறுந்ததும், கிடார் மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

வேறு யாருடையதாவது என்றால் பரவாயில்லை. இது மாமனாருடைய பழைய எலெக்ட்ரிக் ஸ்டீல் கிடார். மடியில் கிடத்தி, தந்திகள் மேல் இரும்புக் கட்டையை இழுத்து வாசிக்கிற வகை. தந்திகளுக்குக் குடை பிடிக்கும் லாடக் காந்தங்கள், அடியில் கம்பி சுற்றிய சுருளான ஒரு காயில். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலியாக்கும் இந்த பிக்கப்தான் கிடாருக்குத் தொண்டை.

"முன்னெல்லாம் அழும் மாப்பிள்ளை. இப்ப சிணுங்குது. உங்க தொழிலைப் பத்தி வாய் கிழியப் பேசுவீங்களே, சரி பண்ணுங்க பாப்போம்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். கம்பி சுற்றுவதை ஒரு வேலையாகவே அவர் மதித்ததில்லை. சாயங்காலம் வந்துவிடுவார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"உன் தையல் மிஷினைக் குடு."

மிஷின் சக்கரத்தில் காயிலை மாட்டிப் புதுக் கம்பி சுற்றினான். ஆயிரக்கணக்கான சுற்று, மனதுக்குள் எண்ண வேண்டும்.

"அப்பாவுக்குக் காபியா, டீயா?"

"டீ" என்றான். எண்ணிக்கை போயே போய்விட்டது.

மிச்சத்தைக் குத்துமதிப்பாகச் சுற்றி மாட்டினால், கொசு பாடியது. சுற்று தளர்ந்திருக்கிறது, மெழுகில் முக்கினால் இறுகிவிடும் என்று அடுப்பைப் பற்றவைத்தான். மெழுகு கொதித்துவிட்டது. கம்பி சுற்றியிருந்த பழைய பிளாஸ்டிக் சட்டம் வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டது.

அலமாரியில் பல் டாக்டரின் ஸ்டீல் கிடார் இருந்தது. தந்தி மாற்ற வந்தது. அதே லாடம், அதே காயில், அச்சு அசல் ஒன்றேதான். மெக்கானிக்குக் கை பரபரத்தது.

"அவர் அடுத்த வாரம்தான் வருவாரு. அதுக்குள்ள ஒண்ணு சுத்தி வெச்சிடறேன்."

"இதுக்குப் பேரு திருட்டு."

"இதுக்குப் பேரு இரவல்" என்று திருப்புளியை எடுத்தான்.

மாமனார் வந்தார், உட்கார்ந்தார், ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கிடார் அழுதது. அவரும் அழுதார்.

"இதுதான் மாப்பிள்ளை என் கிடாரோட குரல். எத்தனை வருஷமாச்சு கேட்டு. கைன்னா உங்க கைதான்" என்று மருமகனைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவர் கட்டிக்கொண்டதில்லை. மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் வாசலில் பல் டாக்டரைப் பார்த்தான். இந்தப் பக்கம் வந்தவர், கிடார் தயாரா என்று கேட்க நுழைந்திருக்கிறார். மாமனார் வாசிப்பதையும், தொண்டை பிடுங்கப்பட்டு அலமாரியில் கிடக்கும் தன் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

மெக்கானிக் ஓடிப்போய் அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். "டாக்டர், சத்தம் போடாதீங்க. நான் விளக்கமா சொல்லிடறேன்."

டாக்டர் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எப்படியோ கண்டுபிடிச்சிட்டீங்க. நாங்க ஒரே குழுவுல வாசிச்சப்ப அவரோட பிக்கப்பைக் கழட்டிக்கிட்டு என்னோடதை அவர் கிடார்ல மாட்டி விட்டது நான்தான்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."