கோபுரத்துக்கு முதுகு காட்டியவர்

மலேசியாவின் கேமரன் மலையில் வானத்தோடு நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்திய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துச் சிக்னல் அண்ணன்தான். மற்றவர்கள் மழை வருமா என்று மேலே பார்ப்பார்கள். அவர் டிவி வருமா என்று பார்ப்பார்.

நான் அப்போது ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆளெடுக்கும் பதிவேட்டில் அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரு, புது ஆளா?" என்று என்னிடமே விசாரித்தார்.

வேலை தேயிலைக்கு மருந்து அடிப்பது. உத்தியோகம் ஏரியல் கட்டுவது. ஐம்பது வயதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கும் அதுதான் காரணம் என்பார்கள். இளவயதில் ரிங்லெட்டில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனாராம். பெண் தேநீர்த் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளை நாற்காலி காலி. கூரைக்கு மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இப்ப எப்படி, தெளிவா இருக்கா?"

பெண்ணின் அப்பா டிவியைப் பார்த்துவிட்டு, "ஆமாலா, நல்லா தெளிவு! அங்கயே நில்லுங்க!" என்றாராம். பெண்ணைத் தரவில்லை. படம் கெட்டுப்போனால் மட்டும் தவறாமல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாற்றியபோது தோட்டத்தில் பாதிப் பேர் சந்தா கட்டி டிஷ் வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிகோடர் பெட்டியை வாங்கி வந்து, சிக்னல் அண்ணன் வாசலில் வரிசையில் நின்றார்கள். அவருக்கு டிஷ் என்றாலே ஆகாது.

"வானத்துல சும்மா வர்ற சாமான் கிராணி. அதப் புடிக்கத் தெரியாதவன்தான் தட்ட வச்சு ஏந்திக்கிட்டு நிப்பான்."

டிஜிட்டலின் குணத்தை அவர்தான் எனக்கு விளக்கினார். "முன்னெல்லாம் படம் கெட்டுப்போனாலும் மழை பேயுற மாதிரி கொஞ்சம் தெரியும். இது நம்ம மேனேஜர் துரைகிட்ட லீவு கேக்குற மாதிரிலா. ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல. நடுவுல பேச்சே கெடையாது."

இதில் பெரிய சிக்கல் எங்கள் தோட்டம் இருந்த இடம். பிரிஞ்சாங் மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் வடக்கே நிற்கிறது. நடுவில் இன்னொரு மலை குறுக்கே படுத்திருக்கிறது. எல்லோரும் ஏரியலை வடக்கே திருப்பி வைத்து, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிக்னல் அண்ணன் தன் வீட்டு ஏரியலைத் தெற்கே திருப்பினார். ஆளாளுக்குச் சிரித்தார்கள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அலை எதிர் மலையில் மோதித் திரும்பி வருகிறதாம்.

"கோபுரத்துக்கு முதுகக் காட்டணும் கிராணி. நாம கோவிச்சுக்கிட்டோம்னு நெனச்சு அதுவே சுத்திக்கிட்டு வரும்."

அன்றைக்கே வீட்டுக்கு வீடு ஏரியல்கள் கோபுரத்துக்கு முதுகைக் காட்டின. ஒரு வீட்டைத் தவிர. அது சிக்னல் அண்ணனின் சொந்த அக்கா பாக்கியத்தின் வீடு.

பாக்கியக்கா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வீடு தொழிலாளர் குடியிருப்பு லைனின் கடைசி, பள்ளத்துக்குள். எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் வராது. ஒருமுறை தம்பி ஏரியல் கட்டுகிறேன் என்று அவர் கூரையில் ஏறி, தகரம் சரிந்து, அப்படியே சௌசௌ பந்தலில் விழுந்தார். தம்பிக்குச் சிராய்ப்புகூட இல்லை. பந்தலில் ஒரு காய்கூட மிச்சமில்லை. பந்தலுக்குள் மல்லாந்து கிடந்தபடியே அவர், "அக்கா, படம் வருதா பாரு" என்று கேட்டதுதான் வினையாகிப்போனது.

"இனிமே என் கூரை மேல காக்கா ஒக்காரலாம், கொரங்கு ஒக்காரலாம். இவன் ஒக்காரக் கூடாது" என்று பாக்கியக்கா அறிவித்தார். அத்தோடு பேச்சு நின்றது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் என் வீடு. அதனால் தபால் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இருவரும் ஒரே குழாயடியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள்.

"கிராணி, அந்தாளு பக்கெட்ட நகத்தச் சொல்லுங்க."

"அண்ணே, பக்கெட்டை நகர்த்தணுமாம்."

"தண்ணி ரொம்பட்டும்னு சொல்லுங்க கிராணி."

"அக்கா, தண்ணி ரொம்பட்டுமாம்."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க!"

இப்படியே மூன்று வருடம். அதற்குள் பாக்கியக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. தோட்டத்து லோரி ஓட்டியவர். இப்போது கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு உலகம். வலக்கை எழாது, பேச்சும் குழறும்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் டிவிக்காரர்கள் கேமராவோடு மலையேறி வந்தார்கள். தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் நிகழ்ச்சியாம். துரை கூப்பிட்டு நிறுத்தியது பாக்கியக்காவை. அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் போடுவோம், இலவச ஒளிபரப்பிலேயே வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நம்ம வூட்டுல வந்து பாருங்க அக்கா" என்று டிஷ் வைத்திருந்தவர்கள் கூப்பிட்டார்கள். அக்கா கட்டில் பக்கம் கையைக் காட்டினார்.

"இவரு லோரியில கொழுந்து ஏத்திட்டுப் போனதோட சரி. நான் மலையில நின்னு பறிக்கிறத ஒரு நாளு எறங்கிப் பாத்ததில்ல. இப்ப பாக்கட்டுமே. இவரால எந்திரிக்க முடியாது, நான் மட்டும் ஊரான் வூட்டுல போயி ஒக்காந்து பாக்கவா?"

போனில் பார்க்கலாமே என்றேன். பள்ளத்தில் போனும் செத்த பிணம்தான். அது எனக்கே தெரியும்.

அன்று மாலை சிக்னல் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நாலு நாளு லீவு எழுதுங்க கிராணி."

"எதுக்குண்ணே?"

"மச்சான் படம் பாக்கணும்."

மறுநாள் காலையிலிருந்து தேயிலை வரிசைகளுக்குள் ஒரு விநோத ஊர்வலம் நடந்தது. கைவண்டியில் சின்ன டிவி, டிகோடர், மோட்டார் சைக்கிள் பேட்டரி. வண்டியைத் தள்ளுவது சிக்னல் அண்ணன். அவர் முதுகில் கட்டிய மூங்கிலில் மீன்முள் மாதிரி ஏரியல். பத்தடிக்கு ஒருமுறை நின்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த வழியாக ஜீப்பில் வந்த துரை நிறுத்தி, என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"பூச்சி பாக்குறேன் துரை."

"ஏரியலை வச்சா?"

"இது கண்ணுக்குத் தெரியாத பூச்சி துரை."

துரை ஜீப்பைக் கிளப்பினார். கண்டுபிடித்தால் எனக்கும் சொல் என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளத்துக்கு மேலே, சரிவில் ஒரு பாறைக்குப் பக்கத்தில், படம் வந்தது. கூரையில் ஏறத் தடை. ஆனால் பாறை அக்காவுக்குச் சொந்தமில்லையே! மூங்கிலை நட்டு, இருக்கிற கேபிளையெல்லாம் ஒட்டுப்போட்டு, தேயிலைச் செடிகளின் அடியாகவே இழுத்து வந்தார். அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு கேபிளின் முனையை என் கையில் கொடுத்தார்.

"நீங்க மாட்டுங்க கிராணி. நான் உள்ள வரக்கூடாது."

பாக்கியக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

வியாழக்கிழமை. அக்கா புதுச் சேலை கட்டி, கணவருக்குத் தலைவாரிப் பவுடர் போட்டு, தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார். நாலு மணிவரை படம் அற்புதம். நாலேகாலுக்கு மூடுபனி இறங்கியது. பின்னாலேயே காற்று. மேலே 'மடார்' என்று ஒரு சத்தம். டிவி கறுப்பாகிவிட்டது. மூங்கில் முறிந்துவிட்டது.

அக்கா டிவியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வெளியே ஓடினேன். பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கிராணி! கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்! பாத்துச் சொல்லுங்க!"

ஏரியலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, பாறை மேல் நிழல் மாதிரி நின்றார். நான் உள்ளே ஓடிப் பார்ப்பேன். சதுரம் சதுரமாக ஏதோ வரும். வெளியே ஓடி வந்து கத்துவேன். அதற்குள் அதுவும் போய்விடும். காற்றில் என் குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. நாலு இருபத்தெட்டு.

அப்போது என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டு பாக்கியக்கா வாசலுக்கு வந்தார். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

"டேய்! இந்தப் பக்கம் திரும்புடா! இன்னும் கொஞ்சம்! அய்யோ, ரொம்பப் போயிட்ட, வாடா இந்தாண்ட!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து தம்பி காதில் நேராக விழுந்த முதல் வார்த்தை 'டேய்'.

"இப்பக்கா?"

"நில்லு! அப்படியே நில்லு! அசைஞ்ச, கொன்னுடுவேன்!"

அவர் அசையவில்லை. படம் வந்தது. பச்சை மலையில் கூடையும் தொப்பியுமாகப் பாக்கியக்கா. கட்டிலில் இருந்த கணவர் நல்ல கையைத் தூக்கித் திரையைக் காட்டினார். குழறிக் குழறி, "நம்ம... எட்டாம் நம்பர் மல" என்றார். பிறகு அக்காவின் கை கொழுந்தைக் கிள்ளும் வேகத்தைக் காட்டினார்கள். அவர் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு பக்கத்து உதட்டில் சிரிப்பு வந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் டிவிப் பெண், "வீட்டில் யார் யாரும்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

திரையிலிருந்த பாக்கியக்கா கூடையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "நானு, வூட்டுக்காரரு. பக்கத்துல என் தம்பி இருக்கான். கொஞ்சம் கிறுக்கு. ஆனா தங்கமான புள்ள. அவன் இல்லாம எனக்கு ஒரு நாளு போவாது."

பேச்சே இல்லாத காலத்தில், கேமராவுக்கு முன்னால் சொன்ன வார்த்தை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "அந்த நேரத்துல வாயில வந்திருச்சு கிராணி" என்றார்.

நிகழ்ச்சி முடிந்தும் சிக்னல் அண்ணன் அசையவில்லை. அக்கா போய்க் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார். கை இரண்டும் மடங்காமல் வானத்தைப் பார்த்தபடியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கோலத்தில் வாசலில் தயங்கினார்.

"உள்ள வாடா. மச்சான் ஒன்னத்தான் கேக்குறாரு" என்று அக்கா துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினார்.

அந்த நிகழ்ச்சியை மறுபடி போடவே இல்லை. தோட்டமே பார்த்ததை அவர் மட்டும் பார்க்கவில்லை. அதனால் வீடு வீடாகப் போய் அக்கா என்ன சொன்னார் என்று விசாரித்தார். கடைசியில் என் நினைவுதான் சரி என்று முடிவு செய்துவிட்டார்.

நான் இப்போது ஈப்போவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது போன் வரும். மேடான இடம் தேடிப் போய் நின்றுதான் பேசுவார். உடம்பு, மழை, மச்சான் நடந்த இரண்டு அடி, எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்பார்.

"அன்னிக்கு அக்கா என்ன சொன்னிச்சு? இன்னொரு தடவ சொல்லுங்க கிராணி."

"தம்பி தங்கமான புள்ள, அவன் இல்லாம எனக்கு ஒரு நாளு போவாதுன்னு சொன்னாங்கண்ணே."

அவருக்கு அது போதாது.

"கிறுக்குன்னும் சொன்னிச்சே. அத ஏன் வுட்டுட்டீங்க?"

நான் அதையும் சேர்த்து, முதலிலிருந்து மறுபடி சொல்வேன்.