மூன்று மணிக்கு எதிர்பாராத தடை

கொட்டிவாக்கம் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் கல்யாணராமன் குந்தியிருந்தபோது மனைவி ஜெயலக்ஷ்மி போன் செய்தாள்.

"எங்கே இருக்கேள்?"

"ஆபீஸ்லதான்."

"ஆபீஸ்ல அலை அடிக்கறதே?"

"ஏசி ரிப்பேர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

‘பிள்ளைகளைப் பறக்க விடுங்கள்’ என்ற தலைப்பில் அவர் பேசாத குடியிருப்போர் சங்கம் அபிராமபுரத்தில் கிடையாது. மகன் சுஹாஸை இந்த மூன்று நாள் சாகச முகாமில் சேர்த்தபோது, ‘முகாம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன்’ என்ற உறுதிமொழியில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டவரும் அவரே. ஆனால் கடைசி நாள் அட்டவணையில் ஒரு வரி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது: ‘மூன்று மணி – எதிர்பாராத தடை.’

நீச்சல், கீபோர்டு, செஸ் என்று எதிலும் ஒரு மாதம் தாண்டாத பையன். இதில் தோற்றால் இதையும் விட்டுவிடுவான். அந்தத் தடையைக் கண்டுபிடித்து முன்கூட்டியே அகற்றிவிட்டால்?

எதிரே சேற்று வாய்க்காலின் மேல் சுஹாஸ், தல்ஹா, உம்மே ஹானி மூவரும் மூங்கில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்குள் அணி மொத்தமும் அக்கரை சேர வேண்டும். சாப்பாட்டு விசில் கேட்டதும் ஓடினார்கள்.

"மணி ரெண்டே முக்கா சார். எல்லாரும் பூட்டாங்க, நீ போ" என்றார், வலை பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரர் தணிகாசலம்.

கல்யாணராமன் பதுங்கிப் போய்ப் பாலத்தைப் பரிசோதித்தார். ஒரு கயிறு தளர்ந்திருந்தது. இதுதான் தடை! பழைய பேப்பர் கட்டும் முடிச்சைப் போட்டு இறுக்கினார். பாலம் ஒருபுறம் சாய்ந்தது. கல்லை முட்டுக் கொடுத்தார். கல் உருண்டு, மூங்கில் சேற்றில் விழுந்தது. எடுக்கக் காலை வைத்தார், கால் போனது. துணைக்கு அடுத்த காலும் போனது. இடுப்பு வரை இறங்கிவிட்டார்.

பிள்ளைகள் திரும்பியபோது சரியாக மணி மூன்று.

"அப்பா?"

"வாக்கிங் வந்தேன்டா."

"அபிராமபுரத்துலேர்ந்தா?"

"மச்சி, பாலமும் போச்சு, உங்கப்பாவும் போய்க்கினே இருக்காரு" என்றான் தல்ஹா.

"பதறாதீங்கோ குழந்தைகளா! டீம்வொர்க்குங்கறது என்னன்னா..."

"பேசாதேப்பா. பேசப் பேச இறங்கறே."

கல்யாணராமன் வாயை மூடினார். பேச்சுக்குப் பேர்போனவரை நடுவில் நிறுத்திய முதல் ஆள் சுஹாஸ்தான்.

"ஹானி, கயித்தைப் பிரி. தல்ஹா, மூங்கிலெல்லாம் சேத்து மேல படுக்கப் போடு. முதல்ல நான் வரேன்."

மூங்கில்கள் மேல் மூவரும் தவழ்ந்து வந்தார்கள். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். இழுத்தார்கள், திட்டினார்கள், சிரித்தார்கள், மறுபடி இழுத்தார்கள். மூன்று ஐம்பதுக்கு நால்வரும் அக்கரையில் கிடந்தார்கள்.

பயிற்சியாளர் வஜீஹா விசில் ஊதிக் கைதட்டினார். சேறு சொட்ட எழுந்த சுஹாஸ் கேட்ட முதல் கேள்வி: "மிஸ், அடுத்த கேம்ப் எப்போ?"

கல்யாணராமனுக்குக் கண் கலங்கியது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கான பேச்சும் அந்தக் கணமே தயாராகிவிட்டது. சேற்றிலிருந்து துடுப்பால் கிளறி எடுத்த அவருடைய ஒற்றைச் செருப்போடு சுற்றிக்கொண்டு வந்தார் தணிகாசலம்.

"எல்லாம் சரி, அந்த எதிர்பாராத தடை கடைசி வரைக்கும் வரவே இல்லையே?" என்று கேட்டார் கல்யாணராமன்.

"நீதான் சார் அது" என்றார் தணிகாசலம், செருப்பை நீட்டி. "ஒவ்வொரு தபாவும் எவனாச்சும் ஒரு அப்பன் வந்துடுவான், போன தபா மட்டும் ஒருத்தரும் வராம, நான்தான் சேத்துல எறங்குனேன்."