சொகுசு வண்டியின் தினசரி ஓட்டம்

வண்டியின் முன்பாதி வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்பாதி இன்னும் தெருவில் நின்றது. இரண்டு கேட் தூண்களுக்கு நடுவே, தன் வயிறு ஒடுங்கினால் வண்டியும் ஒடுங்கும் என்று நம்பியவர்போல், மூச்சை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார் விமர்சகர்.

"இன்னும் வரலாமா?"

"முதல்ல ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்குங்க," என்றாள் மனைவி.

மடக்கினார். வண்டி உள்ளே நுழைந்து, ஏற்கெனவே அங்கே நின்ற அவளுடைய சின்னக் காரின் பின்னால் முட்டாத குறையாக நின்றது.

பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் அவரை விமர்சகர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் என்று கைக்கு வந்ததையெல்லாம் மதிப்பிட்டு எழுதுவார். தலையில் முடியில்லை என்பது ஹேர் டிரையர் விஷயத்தில் அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. கார் மட்டும் இதுதான் முதல் தடவை.

ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "வாரம் ஒரு கார்னு புதுப் பகுதி ஆரம்பிக்கிறோம். அதை யாருக்குக் கொடுக்கிறதுன்னு இந்த முதல் கட்டுரையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன். தினசரி ஓட்டத்துக்கு வண்டி சரிப்படுமா? வாசகருக்கு அது தெரிஞ்சா போதும்."

அந்தப் பகுதி வேறு யாருக்காவது போகும் என்று விமர்சகர் கனவிலும் நினைக்கவில்லை.

"என் காரை மறிச்சு நிறுத்திட்டீங்களே, நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றாள் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி, தோள் வலிக்காரர்களின் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவள்.

"ஒரு வாரம்தானே? சமாளிச்சுக்கோயேன்."

"சரி, சமாளிச்சுக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதில் தன் பேச்சுத் திறமையை மெச்சிக்கொண்டார் அவர்.

வீட்டு ப்ளக்கில் மாட்டினால் சார்ஜ் ஏறும். சார்ஜ் தீர்ந்தால் வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். விமர்சகர் தலைப்பையே முடிவு செய்துவிட்டார்: 'ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் ஒரு வாரம்'. இனி வண்டி அதற்கேற்ப நடந்துகொண்டால் போதும்.

சார்ஜ் வயர் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போனது. மனைவி மின்சார அடுப்பைப் போட்டாள். வீடு முழுக்க இருட்டு. ஃபியூஸ் மாற்றி, அடுப்பை அணைத்தார். மகள் குளிக்கப் போனாள். மறுபடி இருட்டு. இந்தத் தடவை வாட்டர் ஹீட்டரை அணைத்தார்.

"அப்பா! ஐஸ் தண்ணி கொட்டுது!"

"வண்டிக்குச் சார்ஜ் ஏறுதும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"உங்களுக்குப் பொண்ணு நானா, அந்த வண்டியா?"

விமர்சகர் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போனார்.

மறுநாள் முழுச் சார்ஜோடு அலுவலகத்துக்குப் புறப்பட்டார். மேம்பாலத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்ததும் உள்ளே எதுவோ கனைத்தது. பெட்ரோல் இன்ஜின்! தலைப்பே போய்விடுமே என்று பதறி, வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்து ப்ளக்கில் மாட்டினார்.

பிறகுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை வந்தது. ஓட்டினால்தானே சார்ஜ் குறையும்? ஓட்டவே வேண்டாம். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மாலையில் வந்து பார்த்தால் சார்ஜ் சுத்தமாக இல்லை. பெட்ரோலும் இறங்கியிருந்தது. சீட் வேறு முன்னால் நகர்ந்து, உட்காரும்போதே முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

மறுநாள் ஃப்ரிட்ஜின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுப் போனார். பால் திரிந்ததுதான் மிச்சம். மாலையில் சார்ஜும் இல்லை, சீட்டும் பழையபடி முன்னால்.

ஷோரூமுக்குப் போன் போட்டுக் குதித்தார். "நிக்கிற வண்டி எப்படிய்யா பெட்ரோல் குடிக்கும்?"

"ஓட்டாம குறையாதே சார். கிலோமீட்டர் எவ்வளவு காட்டுது?"

"நான் பஸ்ல போயிட்டு வர்றேங்கிறேன். நிக்கிற வண்டிக்கு எதுக்குக் கிலோமீட்டர் பார்க்கணும்?"

எங்கேயோ ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துத் தரையில் படுத்தார். அட்டை காய்ந்து கிடந்தது. வேலைப் பையோடு படியேறிக்கொண்டிருந்த மனைவி நின்றாள்.

"கீழே என்ன தேடுறீங்க?"

"பெட்ரோல் எங்கே போகுதுன்னு பார்க்கிறேன்."

"போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வாரக் கடைசியில் விமர்சகர் துணிந்து எழுதினார். நிற்கும்போதே சார்ஜைத் தின்னும் வண்டி. பெட்ரோலை ஆவியாக்கும் வண்டி. ஓட்டுகிறவரின் கால் நீளத்தை மதிக்காமல் தன்னிஷ்டத்துக்கு நகரும் சீட். தினசரி ஓட்டத்துக்கு அறவே லாயக்கில்லை. உலகத்தில் எவரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்போடு அனுப்பிவைத்தார்.

மறுநாளே ஆசிரியர் போனில் வந்தார். அவசரத்தில் இருந்தார்.

"கட்டுரை பார்த்தேன். முடிவு பண்ணியாச்சு. அடுத்த காரும் உங்க வீட்டுக்குத்தான் வருது." வைத்துவிட்டார்.

விமர்சகருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடினார்.

"கேட்டியா? அடுத்த காரும் நம்ம வீட்டுக்குத்தான்!"

"சந்தோஷம்," என்றாள் மனைவி. அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. தனக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்று அவர் உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார். வாரம் முழுக்க அவளைச் சிரமப்படுத்தியதற்கு வருத்தம்கூடப் பட்டார்.

வாசலில் ஹாரன் கேட்டது. ஷோரூம் டிரைவர் புத்தம்புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பழையதை எடுத்துப்போக இறங்கி வந்தார். விமர்சகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவிக்காகக் கம்பீரமாகக் கையை நீட்டினார்.

டிரைவர் சாவியைக் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம் இல்லையா சார்? வாரம் முழுக்க இந்த வண்டியிலேயே வேலைக்குப் போயிட்டு வந்து பிரமாதமா எழுதி அனுப்பினாங்களாமே, இனிமே வர்ற வண்டியெல்லாம் அவங்க கையிலதான் கொடுக்கணும்னு ஆசிரியர் சொல்லியிருக்காரு."