மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு வீடியோ கேம்

மலைக்கோட்டை சாட்சியாக, அதன் உச்சியில் காயும் வெயில் சாட்சியாக, கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உலகத்திலேயே பெரிய வீடியோ கேம் திண்டுக்கல்லில்தான் தயாரானது. எதில் பெரியது என்று கேட்பவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள். செலவில் பெரியது. வெளிநாட்டுக் கம்பெனிகள் நூறு கோடி, இருநூறு கோடி செலவழிக்கின்றன என்றால், அவை தம்மிடம் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்கின்றன. திண்டுக்கல் கம்பெனி தன்னிடம் இருந்த அத்தனையையும் செலவழித்தது. அந்த நெஞ்சுரம் வேறு யாருக்கு உண்டு?

செலவான பணம் பெருமாள்சாமியுடையது. காந்திகிராமத்துக்குத் தெற்கே அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மரம். இரண்டாயிரத்து ஆறில் நாலுவழிச் சாலைக்கு அந்தத் தோப்பின் வழியாகத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. அரசாங்கம் மரங்களை எண்ணி, மண்ணை அளந்து, இருபத்திரண்டு லட்சத்தைக் கையில் கொடுத்தது. அவருடைய மனைவி கருப்பம்மாள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். சித்தையன்கோட்டையில் நூர் அகமது தன் தோப்பை விற்கிறார். கோடையிலும் கிணறு வற்றாது. குத்தகைக்காரர் காலிசெய்கிற அடுத்த சித்திரையில் பத்திரம்.

"அதுவரைக்கும் பணம் பேங்க்ல தூங்கட்டும்" என்றாள் கருப்பம்மாள்.

பணம் தூங்குவதைப் பொறுக்க முடியாத ஒரு மனிதர் ஊரில் இருந்தார். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஞானராஜ். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் ஒதுக்கிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை. பெருமாள்சாமிக்கு இழப்பீட்டு மனு எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் பெருமாள்சாமிக்கு அது கெஜட்.

"பேப்பர் பாத்தீங்களா பெருமாள்சாமி? அமெரிக்காவுல ஒரு வீடியோ கேமுக்கு நூறு கோடி செலவு பண்றான். பண்ணிட்டு ஐந்நூறு கோடி எடுக்கிறான். இதுல இருந்து என்ன தெரியுது?"

"என்ன சார் தெரியுது?"

"செலவு பண்ணினா கேம் வரும்னு தெரியுது."

இந்தக் கண்டுபிடிப்பின் ஆழம் பெருமாள்சாமியைத் திகைக்க வைத்தது. அவருடைய மகள் தீபா எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"சார், அதுக்கு அம்புட்டு செலவு ஆகுறதுக்குக் காரணமே, முந்நூறு பேர் நாலு வருசம் உக்காந்து வேலை பாக்கிறதுதான்."

ஞானராஜ் பேனாவை மூடினார். "அந்த முந்நூறு பேரும் எதுல உக்காந்தாங்க?"

"...நாற்காலியிலதான்."

"குறிச்சுக்கம்மா. சுழல் நாற்காலி, முந்நூறு."

இப்படியாக, ஞானராஜ் தலைவராகவும், பெருமாள்சாமி 'நிதி' ஆகவும், தீபா 'தொழில்நுட்பம்' ஆகவும் கம்பெனி பிறந்தது. ஞானராஜின் முதலீடு அனுபவம். பேகம்பூர்ப் பக்கம் ஒரு பழைய தோல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, முந்நூறு நாற்காலியையும் வரிசையாகப் போட்டார்கள். மூன்று பேர் அதில் உட்கார்ந்தார்கள். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றேழும் எதிர்காலத்தைப் பார்த்தபடி சுழன்றன. நாற்காலி மட்டும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். நிறுவனம் நல்ல முறையில் முன்னேறுவதாக முதல் கூட்டத்தின் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

கேமின் கதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவானது. எதிரிப் படை மலைக்கோட்டையை முற்றுகையிடும். ஒரு வீரன் தனியாளாக மீட்பான்.

பெருமாள்சாமி கையைத் தூக்கினார். "சார், கோட்டைக்குக் கீழ நம்ம தோப்பு இருக்கணும். இருநூத்திப் பன்னெண்டு மரமும். வடமேற்கு மூலையில ஒண்ணு மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கும்."

'நிதியின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டார் ஞானராஜ்.

வீட்டில் கருப்பம்மாளுக்கு இது விளங்கவில்லை. "தண்ணி கட்டாம, உரம் வைக்காம தென்னை வளருமாக்கும்?"

"கம்ப்யூட்டர்ல வளரும்டி."

"அப்ப வெஞ்சனத்துக்குத் தேங்காயும் அதுலயே பறிச்சுக் குடு."

கம்ப்யூட்டர் என்ற சொல் வந்துவிட்டதால், அதைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். தீபா முதல் வாரத்திலேயே ஒன்று கேட்டாள். ஞானராஜ் மறுக்கவில்லை. அது மூலதனச் செலவு. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டும். அவள் வெயிலில் அலைந்து வாங்கிவந்தாள். கொட்டேஷன் முப்பது நாள்தான் செல்லும். கொள்முதல் குழுவோ நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் கூடும். ஒவ்வொரு முறையும் குழு கூடி, கொட்டேஷன் காலாவதியானதை ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்து, புதிதாக வாங்கச் சொல்லிக் கலைந்தது. வருடத்தில் எட்டுமுறை கூடியது. எட்டுமுறையும் வருத்தம் ஆழ்ந்ததாகவே இருந்தது.

கள ஆய்வுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது 'இதர செலவினம்'. கோட்டையைப் பார்க்காமல் கோட்டையைச் செய்ய முடியுமா? பதினான்கு முறை போனார்கள். மலையில் ஜீப் ஏறாது. இருந்தாலும் அடிவாரம் வரைக்கும் போக ஒரு ஜீப் வாங்கப்பட்டது. படியேறியதும் ஞானராஜுக்கு மூச்சு வாங்கும். அது சீராக ஒரு மணி நேரம். அப்புறம் மட்டன் பிரியாணி. ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும் கோட்டை இருந்த இடத்திலேயே இருப்பது உறுதிப்படுத்தப்பட்டது.

குதிரைச் சத்தத்துக்காகப் பழனியிலிருந்து ஒரு வண்டிக்குதிரை வந்தது. ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேர் மதுரையிலிருந்து வந்தார்கள். குதிரை கிடங்கு வாசலில் நின்றது. நின்றபடியே நின்றது.

"ஏனுங்க, இது ஓடோணுங்களா, நிக்கோணுங்களா?" என்று கேட்டார் குதிரைக்காரர்.

"ஓடணும்."

"வண்டியில ஆள் ஏறினாத்தானுங்க ஓடும். வண்டி பழனியில இருக்குதுங்க."

நான்கு மணி நேரம் பதிவானது. பெருமாள்சாமி கேட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு பெருமூச்சு தவிர வேறு எதுவும் இல்லை.

"சார், சத்தமே இல்லையே?"

"நிக்கிற குதிரைக்கும் கேம்ல தேவை வரும், பெருமாள்சாமி" என்றார் ஞானராஜ். தொலைநோக்கு என்பது இதுதான்.

இவ்வளவு பாடுபட்டும், மார்ச் முதல் தேதி ஒரு பேரிடி விழுந்தது. பாஸ்புக்கில் இன்னும் ஒன்பது லட்சம் இருந்தது.

அவசரக் கூட்டம். ஞானராஜின் முகம் வெளுத்திருந்தது. "முப்பத்தொன்னாம் தேதிக்குள்ள இது செலவாகலைன்னா சரண்டர் ஆயிரும்."

பெருமாள்சாமி பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார். "சரண்டர்னா?"

"குடுத்தவங்களுக்கே திரும்பிப் போயிரும்."

"யாரு குடுத்தது?"

"நீங்கதான்."

"அப்ப... எங்கிட்டயே வந்துருமா?"

"மொத்தமா வந்துரும். ஊர் என்ன சொல்லும்? பெருமாள்சாமிக்கு ஒரு ஒன்பது லட்சத்தைச் செலவழிக்கத் துப்பில்லைன்னு சொல்லாது?"

பெருமாள்சாமி அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கருப்பம்மாள் விசாரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் பத்து மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"வந்தா வரட்டுமே! ஒம்போது லட்சத்துக்குப் பாய்கிட்ட பாதித் தோப்பாச்சும் வாங்கலாம்ல?"

"உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது."

"ஏப்பா, நாமதானே கம்பெனி" என்றாள் தீபா.

"நீயுமா தாயி?" என்றார் அவர், காட்டிக் கொடுக்கப்பட்டவர் போல.

அந்த மார்ச் மாதத்தில் பெருமாள்சாமி உழைத்ததுபோல் தோப்பில்கூட உழைத்ததில்லை. காலை ஆறு மணிக்கே கிளம்பி, பணம் தன்னிடம் திரும்பி வந்துவிடாமல் இருக்க என்னவெல்லாம் வாங்கலாம் என்று தெருத்தெருவாக அலைந்தார். வெளியீட்டு விழாவுக்குக் கல்யாண மண்டபம், மூன்று நாளைக்கு. இருநூறு பொன்னாடை. அறுபதடியில் ஞானராஜ் கட்அவுட், கையில் வாள். நாற்காலிக்கெல்லாம் உறை. வாட்ச்மேன் ஒருவர்; அவரைக் கண்காணிக்க இன்னொருவர். ஒவ்வொரு சாயங்காலமும் பாஸ்புக் இளைப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு லேசானது. இடையில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நூர் அகமது மறித்தார்.

"என்ன சாமி, குத்தகைக்காரன் கிளம்பப் போறான். மதுரைப் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. பத்திரத்துக்கு என்னைக்கு வாரீங்க?"

"செத்த பொறுங்க பாய். இன்னும் ரெண்டரை லட்சம் இருக்கு. அதை ஒழிச்சுட்டு வந்துர்றேன்."

நூர் அகமது அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி. மாலை ஐந்து மணி. மண்டபத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. மேடைக்குப் பின்னால் ஞானராஜ் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"முந்நூத்தி நாப்பது ரூபா மிச்சம் நிக்குது! என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்லை!"

பெருமாள்சாமி பதறி, பூக்கடைக்கு ஓடத் திரும்பினார். தீபா ஒரு சீட்டை நீட்டினாள்.

"சார், எங்கிட்ட சரியா முந்நூத்தி நாப்பதுக்கு ஒரு பில் இருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபா, பதினேழு மணி நேரம்."

எதற்கென்று ஞானராஜ் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. "நீ நல்லா வருவேம்மா."

விழா தொடங்கியது. நூற்றுத் தொண்ணூறு பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகு, கேமைக் காட்டுவது என்று ஒன்று பாக்கி இருப்பது தலைவருக்கு நினைவு வந்தது. தீபா பிரவுசிங் சென்டரிலிருந்து இரவல் வாங்கிவந்த கம்ப்யூட்டரை மேடையில் வைத்து, திரையில் போட்டாள்.

கோட்டை இல்லை. வீரன் இல்லை. ஒரே ஒரு தென்னைமரம். திரையின் வடமேற்கு மூலையில், கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"அப்பா, கீபோர்டுல இந்தக் கட்டையை அமுக்குங்க."

பெருமாள்சாமி அமுக்கினார். ஒரு தேங்காய் விழுந்தது. கூட்டம் பார்த்தது. அவர் இன்னொரு முறை அமுக்கினார். இன்னொன்று விழுந்தது.

"மிச்சம் இருநூத்திப் பதினோரு மரம் எங்க தாயி?"

"பதினேழு மணி நேரத்துல அம்புட்டுத்தான் முடிஞ்சதுப்பா."

முன்வரிசையிலிருந்து கருப்பம்மாளின் குரல் வந்தது. "இருபத்திரண்டு லட்சத்துக்கு ரெண்டு காய். கூடையில போட்டு எடுத்துட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்."

நூர் அகமதும் வந்திருந்தார். அவர் தோப்புக்கு மதுரைப் பார்ட்டி முன்பணம் கொடுத்து அன்றோடு இரண்டு நாள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். பெருமாள்சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே எழுந்து போனார். பெருமாள்சாமி அதைப் பார்த்தார். புரிந்தது. கட்டையிலிருந்து மட்டும் விரலை எடுக்கவில்லை.

அதற்குள் ஞானராஜ் மைக்கைப் பிடித்துவிட்டார். "ஒதுக்கீடு இருபத்திரண்டு லட்சம். செலவு இருபத்திரண்டு லட்சம். நூறு சதவீத இலக்கு!" மண்டபம் அதிரக் கைதட்டல். அமெரிக்காவில் எந்தக் கேமுக்கும் இப்படிக் கணக்கு நேராகியிருக்காது.

ஏப்ரலில் தணிக்கை நடந்தது. ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஸ்டீபன்ராஜ் ஒன்பது பக்கம் எழுதினார். நாற்காலி, ஜீப், குதிரை, கட்அவுட், பிரியாணி அனைத்தும் உரிய நடைமுறைப்படி செலவிடப்பட்டுள்ளதாகப் பாராட்டியிருக்கிறார். ஆட்சேபணை ஒன்றே ஒன்று: 'பிரவுசிங் சென்டர், ரூபாய் முந்நூற்று நாற்பது. நிறுவனத்தின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாத வீண்செலவு. இத்தொகையைப் பெருமாள்சாமியிடம் வசூலிக்கலாம்.'

பெருமாள்சாமி கட்டிவிட்டார்.