சட்டத்தார் வென்ற ஒரே ஆட்டம்

சட்டத்தாரின் கடைசிச் செவ்வாய்க்கிழமை பாரில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டத்தார். கார் ரயர்க்கடை வைத்திருந்த நேசன். நேசனுடைய மகனுக்குப் பெண் கொடுக்க இருந்த கனகண்ணை. அந்தப் பெண் துர்க்கா. ரெக்ஸ்டேலில் இருந்து பஸ் மாறி மாறி வரும் ஹனீபா நானா. பார் முதலாளி ஸ்டீவ். பிறகு நான். மூலையில் ஹொக்கி பார்த்துக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பிறகு யாராவது வந்து அவர்களை ஏன் விட்டாய் என்று கேட்டால் எனக்கு நித்திரை வராது.

ரொறன்ரோவில் வருமான வரிக்குப் பயப்படாத தமிழனைப் பார்த்திருக்கிறேன். பொலிசுக்குப் பயப்படாதவனையும் பார்த்திருக்கிறேன். சட்டத்தாருக்குப் பயப்படாத ஒருவரை இன்றுவரை பார்த்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் அவரோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். செவ்வாய் பின்னேரம் ஸ்காபரோவில் ஒரு பிளாசா மூலையில் இருந்த ஸ்டீவின் பாரில் போக்கர் போட்டி நடத்துவார். காசு வைத்து விளையாடுவது அல்ல. வருகிற எல்லாருக்கும் ஒரே அளவு பிளாஸ்ரிக் சிப்ஸ் இலவசமாகக் கொடுக்கப்படும். சிப்ஸ் முடிந்தவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவர் வெற்றியாளர், அவருக்குப் பரிசாக ஸ்டீவின் கணக்கில் ஒரு சாப்பாடு. இதிலே ஸ்டீவுக்கு என்ன லாபம் என்றால், விளையாட வருகிறவர்கள் குடிப்பார்கள், சாப்பிடுவார்கள் என்ற நம்பிக்கைதான். பாவம், அவருக்கு அப்போது எங்களைத் தெரியாது.

நம்மவர்கள் வரும்போதே ஜக்கெற் பொக்கற்றுக்குள் மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தார்கள். பாரில் சுடுதண்ணி கேட்டார்கள். ஸ்டீவின் முகம் போன போக்கைப் பார்த்து சட்டத்தார் ஒரு சட்டம் கொண்டுவந்தார். யார் ஏதாவது வாங்கி பில்லைக் காட்டினாலும் அவருக்கு மேலதிகமாகக் கொஞ்சம் சிப்ஸ். அடுத்த கிழமை எட்டுப் பேர் சேர்ந்து ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, அதை எட்டு பில்லாகப் பிரித்துத் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள்.

சட்டத்தார் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார்.

"உதென்ன வேலை?"

"பில் இருக்குத்தானே அண்ணை. சட்டத்தில தட்டு எண்டு எழுதியிருக்கோ, பில் எண்டு எழுதியிருக்கோ?" என்றான் நேசன்.

அன்றிலிருந்து சட்டத்தில் தட்டு என்று எழுதப்பட்டது.

எழுதுவது அவர், சுவரில் ஒட்டுவது நான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அவர் கொடுத்த உத்தியோகப் பெயர் துணை நடத்துநர். சிப்ஸ் எண்ணுவது, கதிரை அடுக்குவது, மற்ற நேரமெல்லாம் பயப்படுவது. அவசர வாசலைக் கதிரை மறிக்கிறதோ, குடித்துவிட்டு யாராவது கார் ஓட்டுவானோ, இலவச விளையாட்டு என்று சொன்னால் பொலிஸ் நம்புமோ என்றெல்லாம் யோசிப்பேன். சட்டத்தார் கேட்டுவிட்டு, "உம்மட மூளைக்கு ஒரு ஓய்வு குடும்" என்பார்.

அவருடைய உண்மையான எதிரி பில் அல்ல, மரியாதை. நம்மவர்கள் ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிப் பழகியவர்கள். அதில் எதிரே இருப்பவர் கூட்டாளி. போக்கரிலோ யாருக்கும் கூட்டாளி கிடையாது. வேண்டியவர் என்று பார்த்து விட்டுக்கொடுத்தால் அது களவு. விட்டுக்கொடுப்பவர் ஒரு சுற்று முழுக்க மேசையை விட்டு எழும்பி நிற்க வேண்டும், அதுதான் தண்டனை. ஆனால் ஸ்காபரோவில் மேசைக்கு மேசை ஒருவருக்கொருவர் ஏதோ முறையில் சொந்தம். கோயிலில் காண வேண்டும், கலியாணத்தில் காண வேண்டும், செத்தவீட்டில் காண வேண்டும். எப்படி அடிப்பது?

ஒருமுறை கனகண்ணை பெரிதாக ஒரு பந்தயம் வைத்தார். நேசன் பெருமூச்சு விட்டு, எனக்கு வேண்டாம் என்று சீட்டைப் போட்டுவிட்டான். போட்டது போதாதென்று, என்ன கையைப் போட்டேன் பார் என்று பக்கத்தில் இருந்த ஹனீபா நானாவுக்குக் காட்டியும் விட்டான். நடுவில் விரித்த சீட்டுகளோடு சேர்த்து மூன்று குயின், இரண்டு பத்து, லேசில் தோற்காத கை. நானா வாயில் கை வைத்தார். விசில் ஊதியது.

"நேசன், உந்தக் கையை வைச்சுக்கொண்டு ஏன் போட்டனீர்?"

"அண்ணை, அவர் பொம்பிளை வீட்டுக்காரர்."

"மேசையில ஒருத்தரும் பொம்பிளை வீட்டுக்காரர் இல்லை. மேசையில எல்லாரும் எதிரி."

"நீங்கள் சொல்லுவியள். கலியாண ஹோலுக்கு அட்வான்ஸ் கட்டினது நான்."

நேசன் எழும்பி நின்றான். கனகண்ணை, சம்பந்தி நிற்கும்போது தான் மட்டும் இருப்பது சரியில்லை என்று தானும் எழும்பி நின்றார். சட்டத்தார் கூரையைப் பார்த்தார்.

துர்க்கா மட்டும் வேறு சாதி ஆட்டம். மார்க்கம் நகரத்தில் கொம்பியூட்டர் வேலை. தண்டனை முடிந்த அடுத்த கையிலேயே வருங்கால மாமனாரிடம் இருந்த கடைசிச் சிப்பையும் வழித்து எடுத்துவிட்டு, "சொறி மாமா, நத்திங் பேர்சனல்" என்றாள். நேசன் வெளிறிப்போய், "மருமகள் கெட்டிக்காரி" என்றான். சட்டத்தார் என் காதுக்குள் சொன்னார். "உவள் ஒருத்திதான் மனிசி."

இப்படி உயிரைக் கொடுத்து நடத்திய மனிதருக்கு எப்போது அலுத்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் சேட்டு அயன் பண்ணாமல் வந்தார். பிறகு ஆரம்ப அறிவிப்புகள் குறைந்தன. மூன்று மேசை இரண்டாகி, பனி தொடங்கியபோது ஒன்றானது. ஆட்களுக்கு முழங்கால் வலி, பேரப்பிள்ளை, இரவு வேலை. சட்டத்தார் யாரையும் தேடி ஃபோன் எடுக்கவில்லை. ஒரு செவ்வாய் சீட்டுக் கொடுக்கும்போது ஒரு சீட்டு தவறிப் புரண்டு முகம் தெரிந்துபோய் எல்லாரும் கத்திச் சண்டை பிடித்து, தீர்ப்புக்காக அவரைப் பார்த்தோம். அவர் கதிரையில் இருந்தபடியே, "எப்பிடியெண்டாலும் செய்யுங்கோ" என்றார்.

ஹொக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. நேசன் என்னிடம் குனிந்து, "அண்ணைக்குச் சுகர் கூடிட்டுதோ?" என்று கேட்டான்.

அன்று என்னை வீட்டில் இறக்க வந்தபோது காரிலே என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லையடாப்பா. போன கிழமை காலமை பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணேக்க, இண்டைக்குச் செவ்வாய் எண்டு ஞாபகம் வந்திது. சீ எண்டு போச்சு. முந்தியெல்லாம் செவ்வாய் திங்களே வந்திடாதோ எண்டு இருக்கும்."

"ஒரு மாசம் லீவு எடுங்கோவன்."

"லீவு எடுத்தா திரும்பி வர மனம் வேணும். நீர் நடத்தும்."

"நானோ? எனக்கு ஏலாது அண்ணை."

"எனக்கும் ஏலாது. பிறகென்ன."

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் இல்லாமல் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை போலிருந்தது. எப்படியாவது மனிதரை மனம் மாற்ற வேண்டும் என்று யோசித்து, கடைசியில் ஒன்று சொன்னேன். இத்தனை காலம் நடத்தினீர்கள், ஒருநாளாவது விளையாடினீர்களா? ஒருக்கா இருந்து விளையாடிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். அவர் விசிலைக் கழற்றி என் கையில் தந்தார்.

அப்படி வந்ததுதான் அந்தச் செவ்வாய். மேசையில் சட்டத்தார், நேசன், கனகண்ணை, துர்க்கா, ஹனீபா நானா. சீட்டுக் கொடுத்தது நான்.

முதல் கையில் சட்டத்தார் கொஞ்சம் வைத்தார். எல்லாரும் சீட்டைப் போட்டார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில், துர்க்கா முன்பே விலகியிருக்க, தன்னிடம் இருக்கிற சிப்ஸ் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். நேசன் போட்டான், கனகண்ணை போட்டார், நானா "இன்னைக்கு நமக்கு ராசி இல்ல" என்று போட்டார். சட்டத்தார் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு இரண்டு, ஒரு ஏழு, வேறு வேறு நிறம். உலகத்தில் அதைவிடக் கேவலமான கை இல்லை.

அடுத்த கையில் சீட்டைத் தொட்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் தள்ளினார். மூவரும் போட்டார்கள். துர்க்கா தன் சீட்டை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு அவளும் போட்டாள்.

"துர்க்கா, நீருமோ?"

"கார்ட்ஸ் சரியில்லை அங்கிள்."

"பொய் சொல்லப் பழகேல்லை நீர். முகம் சிவக்குது."

ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டத்தார் என் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கு இஞ்ச சட்டம் ஆர்?"

"நான்தான் அண்ணை."

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

விசிலை ஊதினேன், காற்றுத்தான் வந்தது. "அண்ணையைத் தவிர எல்லாரும்... ஒரு சுற்று எழும்பி நில்லுங்கோ."

நால்வரும் கிளாசைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிச் சுவரோரம் நின்றார்கள். கலியாண வீட்டில் படம் எடுக்க நிற்பதுபோல இருந்தது. ஸ்டீவ் என்னவோ ஏதோ என்று உள்ளே இருந்து ஓடிவந்தார். நான் சீட்டுக் கட்டை வைக்கப் போனேன்.

"வைக்காதையும். ஆள் இல்லாத கதிரைக்கும் சீட்டுப் போட வேணும். அவையின்ர கட்டாயப் பந்தயத்தையும் எடுத்து நடுவில வையும்" என்றார் சட்டத்தார்.

சட்டம் அதுதான். நிற்பவர்களின் குவியலில் இருந்து எடுத்து எடுத்து நான் நடுவில் வைக்க, எதிர்த்து விளையாட ஆள் இல்லாததால் ஒவ்வொன்றும் சட்டத்தாரிடமே போனது. அவர் தனியாக இருந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கையையும் முறைப்படி வென்றார். கடைசிக் கையில் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. சிரிப்பா மற்றதா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"உங்களோட ஏலாதடாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு இருந்து விளையாடிய கொஞ்ச நேரத்தில் எல்லாரும் தோற்றுப் போனார்கள், எப்படி என்று நான் கேட்கவில்லை. சட்டத்தார் வெற்றியாளர். ஸ்டீவிடம் மைக்கைக் கேட்டார். துர்க்கா ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள். தொடர்ந்து நடத்துகிறேன் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"கதிரையளை அடுக்கிப்போட்டுப் போங்கோ" என்றார். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.

நான் கொஞ்சக் காலம் இழுத்துப் பார்த்தேன். விசில் ஊதி ஏச ஆள் இல்லாத இடத்துக்கு யார் பனியில் வருவான்? செவ்வாய் வந்தால் எனக்கும் சீ என்றுதான் இருந்தது. இப்போது அங்கே கரோக்கே நடக்கிறது. துர்க்காவின் கலியாணத்தில் சட்டத்தாரைக் கண்டேன். நன்றாக நித்திரை கொள்வதாகச் சொன்னார், முகமும் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோசமாகவும் கோபமாகவும் இருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஸ்டீவ் மறித்தார். அன்றைக்குச் சட்டத்தார் வென்றதற்கான சாப்பாட்டுக் காசு அவர் பேரில் அப்படியே இருக்கிறது, நீ அவருடைய ஆள்தானே, நீயே இருந்து சாப்பிட்டுக் கழித்துவிடேன் என்றார். எனக்கு நல்ல பசி. கோழிப் பொரியல் வாசமும் வந்தது. வேண்டாம், அவர் வந்து சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனேன். பாதி வழியில் பயம் பிடித்துத் திரும்பி வந்து, கணக்கை அழித்துவிட மாட்டீர்களே என்று இன்னொரு தரம் கேட்டேன்.

இல்லை, சட்டத்தாருக்குத் தர வேண்டியது அப்படியே இருக்கிறது என்றார். இருபத்தைந்து டொலர்.