வேர்ப்பொருள் விதியும் வீட்டுக்குள் வந்த தண்ணீரும்

ஓர் அலுவலகத்தில் வேலை ஏன் நடப்பதில்லை என்ற கேள்விக்கு அலுவலகங்கள் தோன்றிய நாள் முதல் பல விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. எங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெரிய அதிகாரி, பொறுப்பேற்ற அன்று காலையிலேயே சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஊழியர்கள் ஆங்கிலச் சொற்களை அவற்றின் வேர் தெரியாமல் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் குழாயில் தண்ணீர் வருவதில்லை.

இந்த ஞானம் அவருக்கு ஒரு நாள்காட்டியிலிருந்து கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை அனுப்பியது. தினம் ஒரு தாளைக் கிழிக்கலாம். தாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், பயன்பாடு, பிறந்த கதை. மாப்பிள்ளை பாவம், மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அனுப்பினார். மாமனார் அதை வைத்து ஆட்சியே நடத்தத் தொடங்கிவிட்டார்.

'இவ்வளாகத்தில் உச்சரிக்கப்படும் ஆங்கிலச் சொல் எதுவாயினும், அதன் வேர்ப்பொருளில் மட்டுமே செல்லுபடியாகும் என்பது இதன்மூலம் சகலருக்கும் தெரிவிக்கப்படுகிறது' என்று ஓர் ஆணை வந்தது. ஊர்க்காரர்கள் நாங்கள் அவருக்கு அகராதி என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயர் அவருக்கு இரண்டு விதத்திலும் பொருந்தியது.

ஆணையைப் படித்துவிட்டு ஹெட் கிளார்க், "ரொம்ப நைஸ் சார்" என்றார். பழக்கதோஷம். முந்தைய அதிகாரி தும்மினாலும் அதையேதான் சொல்லுவார்.

அகராதி நாள்காட்டியைப் புரட்டினார். "நைஸுங்கிற சொல் லத்தீன்லேர்ந்து வந்தது. வேர்ப்பொருள் என்ன தெரியுமா? ஒண்ணும் அறியாதவன். என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

"ஐயோ சார், நான் அந்த அர்த்தத்துல..."

"வேற அர்த்தம் இனிமே கிடையாது."

ஹெட் கிளார்க்குக்கு மெமோ கொடுக்கப்பட்டது. அதை டைப் அடித்தவரும் அவரே.

அடுத்து டெட்லைன். முன்னொரு காலத்தில் ஒரு சிறையில் கைதிகளைச் சுற்றி ஒரு கோடு போட்டிருந்தார்களாம், தாண்டினால் சுட்டுவிடுவார்களாம், அந்தக் கோட்டுக்குத்தான் அந்தப் பெயராம். அகராதிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாம மனிதாபிமானம் உள்ளவங்க. இனிமே இங்க எந்த வேலைக்கும் டெட்லைன் வேண்டாம்" என்றார். ஊழியர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். அந்த அலுவலகத்தில் ஓர் ஆணை முழுமையாக நிறைவேறியது அன்றுதான்.

பிறகு வால்வுக்காரர் மாட்டினார். தெருக் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடுபவர் அவர். தோளில் மசில் பிடிப்பு, லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மசில் என்ற சொல்லின் வேரில் இருப்பது ஒரு சின்ன எலி. தோலுக்கடியில் எலி ஓடுவது போல் அசைவதால் அந்தப் பெயர். விண்ணப்பம் எலி ஒழிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் வந்து வால்வுக்காரரின் நாற்காலிக்கடியில் ஒரு பொறி வைத்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் பார்த்து ஊர் கொதித்திருக்கும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. "தண்ணி எல்லா ஊர்லயும்தான் வரமாட்டேங்குது. இந்த மாதிரி அறிவை எந்த ஊர்ல கொடுக்கிறாங்க?" என்றார் முடிதிருத்துபவர். அவர் கடையில் தோளைப் பிடித்துவிடும்போது, "எலி ரொம்ப இறுகிப் போயிருக்கு சார்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். டியூஷன் வாத்தியார் கணக்கை நிறுத்திவிட்டு வேர்ப்பொருள் வகுப்பு ஆரம்பித்தார். கூட்டம் வாசல் வரை நின்றது. நான் அலுவலகத்துக்கு எதிரே மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறவன். எனக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் எங்கள் தெருவில் பெரிய குழாய் உடைந்தது.

உடைந்த இடம் என் அக்கா வீட்டு வாசல். அக்கா தையல்காரி. அவளுடைய தையல் அறை தெருவைவிட இரண்டு படி தாழ்வு. பள்ளிச் சீருடை மொத்தமும் அந்த வருடம் அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. அதற்காக எத்தனையோ பேரிடம் நடையாய் நடந்திருந்தாள். வெட்டியது பாதி, தைத்தது பாதி என்று அறை முழுக்க வெள்ளையும் நீலமுமாக மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அடுத்த வாரம் பள்ளி திறப்பு.

தண்ணீர் முதல் படியில் இறங்கியபோதே அக்கா என்னை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். வாசல் சுவரில் எப்போதும் இருக்கும் 'குடிநீர் ஆபீஸ்' என்ற பெரிய பெயர்ப் பலகை சில நாளாகவே இல்லை, ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வர்ணம் அடிக்கக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எதிரே இருப்பவர் படித்தவர். நமக்கும் நாலு வார்த்தை தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"சார், எமர்ஜென்சி!"

அகராதியின் முகம் மலர்ந்தது. "எமர்ஜென்சி. அருமையான சொல். உட்காருங்க. லத்தீன். மூழ்கின ஒண்ணு தண்ணிக்குள்ளேர்ந்து மேல எழும்பி வரணும். அதுதான் வேர்ப்பொருள். உங்க வீட்டுல மூழ்கினது என்ன?"

"இன்னும் ஒண்ணும் மூழ்கலை சார். மூழ்கக்கூடாதுன்னுதான் வந்திருக்கோம்" என்றாள் அக்கா.

"மூழ்கலையா? அப்புறம் எப்படிம்மா மேல எழும்பும்?"

"எழும்ப வேண்டாம் சார். வால்வை மூடினாப் போதும். அதோ, வால்வுக்காரர் சாவியோட நிக்கிறாரு."

வால்வுக்காரர் நீளமான இரும்புச் சாவியைத் தூக்கிக் காட்டினார். அகராதி அதை இறக்கச் சொன்னார்.

"அம்மா, நீங்க குழாய் உடைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா வேற. நான் பாட்டுக்குப் போய் மூடிட்டு வான்னு சொல்லியிருப்பேன். உங்க தம்பி எமர்ஜென்சின்னு பதிவு பண்ணிட்டாரு. இனி வேர்ப்பொருள் நிரூபணம் ஆகாம சாவியைப் போட விதி இடம் கொடுக்காது. ஹெட் கிளார்க், நீங்க நேர்ல போய்ப் பாருங்க. எது எழும்பினாலும் சரி, உடனே உத்தரவு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன் வாயைக் கொஞ்சம் மூடி வச்சிருந்தா அவன் வால்வை மூடியிருப்பான்டா" என்றாள். நான் தலையைச் சொறிந்தேன்.

ஹெட் கிளார்க் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுடன் வந்து அக்கா வீட்டு எதிர்த் திண்ணையில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வால்வுக்காரர் சாவியை ஊன்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் இரண்டாவது படியையும் தாண்டி உள்ளே போயிற்று. அக்கா மூட்டைகளைத் தூக்கி வெட்டும் மேசைமேல் வைத்தாள், கட்டில்மேல் வைத்தாள், தையல் மிஷின்மேல் வைத்தாள். அப்புறம் வைக்க இடம் இல்லை. இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வெளியே வந்தாள்.

வெளியே தெருவே கூடியிருந்தது. முடிதிருத்துபவர், டியூஷன் வாத்தியார், அவருடைய வகுப்பு, மொத்தப் பேரும்.

"முட்டி அளவுதான் தண்ணி. முட்டி அளவை மூழ்கினதுன்னு சொல்ல முடியுமா?" என்றார் முடிதிருத்துபவர்.

"தையல் மிஷினோட பெடல் மூழ்கிடுச்சே" என்றார் வாத்தியார்.

"பெடல் மூழ்கிடுச்சு, சரி. மேல எழும்பலையே!"

"அதுவும் சரிதான்."

"கொஞ்சம் கை கொடுங்கய்யா, இந்தத் துணியைப் பிடிங்க" என்று அக்கா கத்தினாள்.

"இரும்மா, பேசிக்கிட்டு இருக்கோமில்ல" என்றார் வாத்தியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அதிகாரி வாயாலேயே கேட்டவன். லத்தீன்ல அதை எப்படிச் சொன்னாரு?"

நான் சொன்னேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்கும்போது யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? கையை உயர்த்தி மூழ்குவதையும் எழுவதையும் நடித்துக்கூடக் காட்டினேன். அக்கா எங்களைத் தாண்டி இரண்டு முறை போய் வந்தாள். எங்கள் ஒருவர் கையிலும் ஒரு மூட்டைகூட ஏறவில்லை.

கடைசியில் மேசைக்கடியில் கிடந்த மூட்டை ஊறிச் சரிந்தது. அதன் அடியில் அழுந்திக் கிடந்த அக்காவின் மர அளவுகோல் விடுபட்டு, குபுக்கென்று தண்ணீருக்குமேல் வந்து மிதந்தது.

"எழும்பிடுச்சு!" என்று ஹெட் கிளார்க் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தார். "எல்லாரும் சாட்சி. மூழ்கினது மேல வந்திடுச்சு. எமர்ஜென்சி!"

தெரு ஆரவாரம் செய்தது. வால்வுக்காரர் சாவியைச் செருகி இரண்டு சுற்று சுற்றினார். தண்ணீர் நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேலை.

அதற்குள் மேசைமேல் இருந்தவையும் சரிந்து விழுந்திருந்தன. நீலச் சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் திட்டுத் திட்டாக நின்றது, அதன்மேல் சேறு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஊறிய சீருடைகளை ஒரு மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். வேடிக்கை பார்க்கத் தெருவும் வந்தது.

அகராதி அன்றைய தாளைக் கிழித்துப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா மூட்டையைப் பிரித்து, சேறு சொட்டச் சொட்ட ஒவ்வொரு துணியாக எடுத்து அவர் மேசைமேல் விரித்தாள். கோப்புகள் நனைந்தன. பேனா நனைந்தது. ஹெட் கிளார்க் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் மனசுக்குள், போடு அக்கா, போடு என்றேன்.

அகராதி மெல்ல எழுந்தார். ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அம்மா," என்றார் தழுதழுத்த குரலில், "இன்னிக்குச் சொல் என்னன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அக்கா விழித்தாள்.

"பியூரோ! மேசைமேல விரிக்கிற முரட்டுத் துணி. அந்தத் துணிக்குத்தான் முதல்ல அந்தப் பேர். அப்புறம் மேசைக்கு ஆச்சு, அப்புறம் மேசை இருக்கிற இடத்துக்கு ஆச்சு. ஒரு வாரமா இந்த இடத்துக்கு ஒரு பேர் கிடைக்காமத் தவிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிலேர்ந்து நாம குடிநீர் பியூரோ. ஹெட் கிளார்க், எல்லா மேசைக்கும் இந்தத் துணியை விரிங்க!"

"துணி விரிச்சது கிடக்கட்டும். என் பொழைப்பு போச்சு. இங்க வேலை எப்பதான் நடக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"வேலையா?" அகராதி பரிவோடு சொன்னார். "அது ஆபீஸ்ல நடக்கிறதும்மா. ஆபீஸுங்கிற சொல்லோட வேர்லயே வேலை செய்யிறதுன்னுதான் இருக்கு. போன வாரம் அந்தத் தாள் வந்தது. மனசாட்சிப்படி யோசிச்சுப் பார்த்தேன். நமக்குக் கொஞ்சமும் பொருந்தலை. அன்னிக்கே வாசல் பலகையைக் கழட்டிட்டோம். நீங்க கவனிக்கலையா?"

முடிதிருத்துபவர் கை தட்டினார். வாத்தியார் தட்டினார். இப்படி ஒரு நேர்மையான அதிகாரியை யார் பார்த்திருக்கிறார்கள்? தெரு முழுக்கத் தட்டியது. "நைஸ்! ரொம்ப நைஸ்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

ஹெட் கிளார்க் பதறிப்போய் மெமோ தாள்களை அள்ளினார். அகராதி கையமர்த்தினார்.

"விடுங்க. அவங்க என்னைச் சொல்லலை, தங்களைத்தான் சொல்லிக்கிறாங்க. வேர்ப்பொருள் சரியா இருக்கு."

அக்கா காலியான மூட்டைத் துணியை உதறி மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். தட்டிய சூடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.